துரை செய்த கடைசிச் சில்லு

ஜூன் 3, திங்கள்

நான் இங்கே எழுதப்போகும் கதையை ஈ எறும்பு உட்பட ஒரு ஜீவனும் நம்பப்போவதில்லை என்று பஞ்சபூதங்கள் சாட்சியாக உறுதி கூறித் தொடங்குகிறேன். கூறுபவன் சாமானியன் அல்ல. கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் என்னும் சிம்மாசனத்தில் அமர்ந்து, மைக் என்னும் செங்கோலைப் பிடித்து, லட்சோபலட்சம் வண்டிகளைத் திசைதோறும் ஏவிய பூவலிங்கம். என் குரலைக் கேட்டு இளையரசனேந்தல் வண்டி தானாகவே பின்னால் நகர்ந்து நின்றதுண்டு. டிரைவர் அப்போது டீக்கடையில் இருந்தார். கல்யாணம் என்ற ஒரே ஒரு வண்டியை மட்டும் அறிவித்துவிட்டு நான் ஏறவில்லை. இப்போது ஓய்வு.

நேற்று தங்கை சொர்ணம் என்னைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட்டாள். அவள் மகள் செண்பகவல்லி, எங்களுக்குச் செம்பா, இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அவள் புருஷன், தூத்துக்குடிக்காரன் சேர்மத்துரைக்கும் அதே ஆய்வகம். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது டெங்குக் காய்ச்சலில் அவன் போய்விட்டான். தாலியைக் கழற்றிய அன்று நான் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டேன். காற்று வாங்க.

சொர்ணத்தின் ராஜகட்டளை இது: "அண்ணே, அவ இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு அழல. ஒழுங்கா சாப்பிடவும் மாட்டேங்கா. உன் வாய்க்கு வேற என்ன வேலை? எதையாவது அளந்து விட்டு அவள ஊருக்குக் கூட்டிட்டு வா."

கதவைத் திறந்த செம்பா, "வாங்க மாமா, சாவி மேசைல கெடக்கு, நான் லேபுக்குப் போறேன்" என்றாள். கல்யாணத்துக்கு நான் வாங்கித்தந்த வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. போட்டிருந்த சட்டை துரையுடையது. நான் அந்த வீட்டு மின்விசிறியைப் பார்த்து, இப்படி ஒரு விசிறியை விக்டோரியா மகாராணி அரண்மனையில்கூடக் கண்டதில்லை என்று வெகுநேரம் புகழ்ந்தேன்.

ஜூன் 5, புதன்

சாப்பாட்டுக் கேரியருடன் ஆய்வகத்துக்குப் படையெடுத்தேன். வாசலில் ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டி உள்ளே விட்டார்கள்.

உள்ளே கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது ஒரு தங்கக் கோபுரம். தட்டுத் தட்டாக இறங்கி, கீழே போகப் போகச் சிறுத்து, நுனியில் ஒரு செம்புப் பெட்டி, தீப்பெட்டி அளவில். மொத்தத்துக்கும் பெயர் ஃப்ரிட்ஜாம். எங்கள் தெருவில் ஃப்ரிட்ஜ் என்றால் மீந்த சாம்பார் வைப்பது.

"வானத்துல நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல இருக்க குளிர விட இதுக்குள்ள குளிர் அதிகம் மாமா."

"கொடைக்கானல்ல நான் வச்ச ரசத்தச் சுத்தியல் கொண்டு ஒடச்சுத்தான் குடிச்சேன். அத விடவா?"

சிரிக்கவில்லை. ஆனால் விளக்கம் சொல்ல உட்கார்ந்தாள். அதுவே வெற்றி.

"இன்டக்டர்னா தெரியுமா?"

"தெரியாம? நம்ம கண்டக்டருக்குத் தம்பி."

"மாமா. ஒரு கம்பிச் சுருள். மின்சாரம் ஓடிக்கிட்டு இருந்தா நிக்க விடாது, நின்னுட்டா ஓட விடாது. மின்சாரத்தோட பிடிவாதம்னு வச்சுக்கோங்க. சாதாரணச் சுருள்ல அந்தப் பிடிவாதம் எம்புட்டுங்கிறது எத்தன சுத்து சுத்துனோம்கிறதப் பொறுத்தது. மாத்தணும்னா பிரிச்சுட்டுத் திரும்பச் சுத்தணும். இதுல சுத்தே கெடையாது. கண்ணுக்குத் தெரியாத அலுமினிய வளையங்க, வரிசையா. ஒவ்வொண்ணுலயும் நூலவிட மெலிசா ஒரு வெட்டு. நல்லாக் குளிர்ந்துட்டா மின்சாரம் தடையே இல்லாம அந்த வெட்டத் தாண்டும். வெளியருந்து காந்தத்தக் கூட்டிக் கொறச்சா, யாரும் தொடாமலே பிடிவாதம் கூடும், கொறையும்."

"பூராக் குடும்பத்துக்கும் ஒண்ணு செஞ்சு குடு" என்றேன்.

அந்தத் தீப்பெட்டிக்குள் இருக்கும், வளையங்கள் பதித்த சில்லு துரை கையால் செய்தது. அந்தப் பிடிவாதத்தை மூன்று மடங்குக்குமேல் கூட்டிக் குறைக்கலாம், வழியில் துளியும் வீணாகாது என்று அவன் கணக்குப் போட்டுச் சொன்னானாம். வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் பெரிய ஆள் ஒருவர், "படத்துல அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாராம். துரை திரும்பி வந்து சில்லுகள் செய்தான். மற்றவை சோதனையில் போயின. மிச்சம் இது ஒன்றுதான். அலுமினியம் பூசும் இயந்திரம் பழுதாகி, ஏதோ ஒரு உறுப்பு கப்பலில் வந்துகொண்டே இருக்கிறது. வந்தாலும் துரை வரப்போவதில்லை. ஜூலை முதல் தேதி இந்த ஃப்ரிட்ஜ் தீபாங்கர் என்ற வங்காளப் பையனுக்குப் போய்விடும். அதற்குள் செம்பா அளந்து காட்டினால், துரை சொன்னது நின்றுவிடும். இல்லாவிட்டால் அது படத்தில் அழகாக இருந்ததோடு சரி.

கேரியரைத் திறந்தாள். ரசத்தை மட்டும் குடித்தாள். உடைக்கத் தேவைப்படவில்லை.

ஜூன் 8, சனி

குளிர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு நாள் பிடிக்குமாம். பாகற்காய் வறுத்தேன். ஒரு தோசை. போர்க்களத்தில் இதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஜூன் 10, திங்கள்

இன்று அளந்தாள். காந்தத்தை மெல்ல மெல்லக் கூட்டினால் கணினித் திரையில் ஒரு கோடு மலைபோல் ஏறி இறங்கவேண்டும். கயத்தாறு பக்கம் மேடு ஏறுகிற மாதிரி ஒரு தேய்ந்த கோடு வந்தது. காந்தமே இல்லாத இடத்தில் உச்சி இருக்கவேண்டுமாம். உச்சி என்று ஒன்று இல்லை. மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"என்ன தாயி, மலையக் காணோம்?"

"வளையம் எல்லாத்துக்கும் ஒரே அளவு காந்தம் போய்ச் சேரணும் மாமா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவப் பாக்குது. அதான் ஆளுக்கொரு பக்கம் இழுத்து மொத்தமும் கரைஞ்சு போகுது."

"நம்ம சங்கத் தேர்தல்."

அவளுடைய பேராசிரியை வந்தார். லலிதாம்பாள் மேடம், பருத்திப் புடவை, மெல்லிய குரல். திரையைப் பார்த்தார், செம்பாவின் தோளில் கை வைத்தார். "குளிர்றப்போ காந்தம் உள்ள மாட்டிக்கிட்டிருக்கும். கொஞ்சம் சூடு பண்ணி மறுபடி குளிர வை. போயிடும்" என்றார்.

வீட்டில் சொர்ணத்தின் போன். "அழுதாளா?" என்றாள். "வங்காள விரிகுடா மட்டம் ஒரு அடி ஏறியிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

சூடு பண்ணிக் குளிர வைத்தாள். கொஞ்சமே சூடு என்பதால் அரை நாளில் குளிர்ந்துவிடுமாம். அதே கோடு. மறுபடியும் செய்தாள். அதே கோடு.

தீபாங்கர் தலையைச் சொறிந்தான். சதா பசியோடு இருக்கும் நல்ல பையன். செம்பாவைத் தீதி என்றும் என்னை மாமா என்றும் கூப்பிடுகிறான். தீதி என்றால் அக்காவாம். மாமா என்றால் அவன் ஊரிலும் மாமாதானாம்.

"தீதி, சில்லு அப்படித்தானா இருக்கும்? துரை அண்ணா டிசைன் தப்பு?"

செம்பா அவனைப் பார்த்த பார்வையில் ஃப்ரிட்ஜே கொஞ்சம் குளிர்ந்திருக்கும். அப்புறம் நிதானமாகத்தான் சொன்னாள். "உள்ள மாட்டுன காந்தமா இருந்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல மாட்டும். கோடு மாறணும். இது மாறவே இல்ல. அப்பன்னா உள்ள நெரந்தரமா ஒண்ணு உக்காந்திருக்கு. இரும்பு. சில்லுக்குப் பக்கத்துலயே."

"உள்ளே இரும்பு விடமாட்டோம்" என்றான் தீபாங்கர். திருகாணிகூடப் பித்தளையாம். ஒயர்களைப் பல் இடுக்கில் விடும் நூலால்தான் கட்டுவார்களாம்! பல் மருத்துவர்கள் இதைக் கேள்விப்பட்டால் பெருமைப்படுவார்கள்.

ஜூன் 14, வெள்ளி

மேடம் அறையில் கூட்டம். நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. என் முகத்தில் ஒரு துணைவேந்தர் களை உண்டு.

முழுக்கச் சூடாக்கி, கோபுரத்தைப் பிரித்து, உள்ளே இருப்பதை எடுக்கலாம். ஆனால் அந்த மெல்லிய வெட்டுகள் இத்தனை குளிருக்கும் சூட்டுக்கும் நடுவே எத்தனை தரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஒருவர் விரலில் இருக்கும் நிலைமின்சாரம் பட்டாலே செத்துப்போகுமாம். சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று கேட்குமே, அது.

"இப்ப இருக்கறத வெச்சே ஒரு கட்டுரை எழுதிடலாம்மா" என்றார் மேடம். "ஒண்ணரை மடங்கு மாறுது இல்லையா? துரை பேரை முதல்ல போடலாம். திறந்து, சில்லு போயிட்டா அதுவும் கையில இருக்காது."

"ஒண்ணரைன்னு போட்டா, அவரு சொன்னது தப்புன்னு அவரு பேரையே முதல்ல போட்டு நாமளே சொல்ற மாதிரி ஆயிரும் மேடம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"உன் இஷ்டம்" என்றார்.

வரும் வழியில் நான், "நீ பொறந்தப்பவே நர்சம்மா சொன்னா, இந்தப் பிள்ளை வெளிய வரமாட்டேன்னு ஒரு வாரம் வாதாடிச்சின்னு" என்றேன். "நாந்தான் ஜன்னல் வழியா மைக்கில அறிவிப்பு குடுத்து எறக்குனேன்."

"எந்த பிளாட்பாரத்துல?" என்றாள்.

வந்த நாள் முதல் அவள் பதிலுக்கு வாயாடியது இதுதான் முதல் தடவை. நான் ஆட்டோவிலேயே எழுந்து நின்று கும்பிடாத குறை.

ஜூன் 17, திங்கள்

திறந்தாள்.

மணிக்கட்டில் தரையோடு இணைத்த ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, நைலான் கலக்காத உடை உடுத்தி, தட்டுத் தட்டாகக் கூடுகளைக் கழற்றினாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அவள் அந்தத் தீப்பெட்டிக்கு மேலே ஒயர்க்கட்டைச் சுற்றியிருந்த மஞ்சள் டேப்பை மெதுவாகப் பிரித்தாள். பிரித்துவிட்டு அப்படியே நின்றாள்.

தீபாங்கர் எட்டிப் பார்த்தான். "தீதி, இது என்ன?"

ஒரு ஊக்கு. சாதாரண ஊக்கு. ஒயர்க்கட்டு சரியாமல் இருக்கக் குத்தியிருந்தது.

அதை எந்த ஆய்வகத்தில் கேட்டாலும் சிரிப்பார்கள். செம்பா சிரிக்கவில்லை, எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலிச்சங்கிலியில் நாலைந்து ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள். வீட்டில் எது பிய்ந்தாலும், எது அறுந்தாலும், புருஷன்மார் வந்து கை நீட்டுவது அந்தச் சங்கிலியிடம்தான். கார்த்திகை மாதம் ஒயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பதற்காக, சில்லே வைக்காமல் துரை ஒரு தடவை குளிரூட்டியிருக்கிறான். நூல் தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து மேசையில் இருந்த இவளிடம் வந்து, "ஒண்ணு குடுடி, சில்லு வைக்கறதுக்கு முன்னால எடுத்துருவேன்" என்று கேட்டானாம். இவளும் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சங்கிலியை எடுத்து நீட்டினாளாம். அவனே ஒன்றைக் கழற்றிக்கொண்டான். மார்கழியில் காய்ச்சல். அப்புறம் சில்லை வைத்தது இவள்; டேப்பைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"அவரேதான் மாமா" என்றாள், வெளியே வந்து. "அவரு சொன்னது சரின்னு காட்ட விடாம, அவரே உள்ள உக்காந்திருக்காரு."

நான் வாயைத் திறந்தேன். முப்பது வருஷம் ஒலித்த வாய். கேரியரில் ரசம் இருக்கிறது என்று மட்டும் சொன்னது.

உள்ளே போய்ப் பித்தளைச் சாமணத்தால் அதைக் கழற்றினாள். அவசரப்படவில்லை. அந்த இடத்தில் நூலால் கட்டினாள். அப்புறம் ஊக்கை ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் தந்தாள். "மாமா, இத இந்தக் கட்டடத்த விட்டே கொண்டு போயிருங்க."

கொண்டுபோனேன். பூசாரி சாமி தூக்குகிற மாதிரி இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, வாசல் தாண்டி, சாலை தாண்டி, பேருந்து நிறுத்தம் வரைக்கும். அங்கே ஒரு அம்மாள், "தாத்தா, மாத்திரையா? தண்ணி வேணுமா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 21, வெள்ளி

மறுபடி குளிர்கிறது. செம்பா நகம் கடிக்கிறாள். எலுமிச்சை சாதம் செய்தேன். தீபாங்கர் வந்து, தூக்குவாளியையும் சேர்த்துத் தின்றுவிடுவானோ என்று பயப்படும்படி சாப்பிட்டான்.

ஜூன் 24, திங்கள்

சில்லில் இரண்டு வரிசைகள் உண்டு. காலையில் முதல் வரிசையைச் சோதித்தாள். பேச்சில்லை. செத்துவிட்டது. யார் விரலோ, எந்த நிமிஷத்துக் குளிரோ.

இரண்டாவது வரிசை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இருக்கிற எல்லாச் சாமிகளுக்கும் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். என் தலையில் முடி இல்லை. சாமிகளுக்கு அது தெரியாது என்று நினைப்பு.

கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போனது. கழுகுமலை, பொதிகைமலை, இமயமலை. காந்தம் இல்லாத இடத்தில் நேராக உச்சி. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இறங்கியது; பிறகு மறுபடி ஏறியது. தீபாங்கர் கைகளை மேலே தூக்கிக் கத்தினான், அவன் பாஷையில். லலிதாம்பாள் மேடம் அறையிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"எவ்வளவு?" என்றார்.

"மூணு மடங்குக்கு மேல மேடம். மூணே கால்."

"சொன்னானே" என்றார் மேடம். "சொன்னானே அவன்."

எல்லோரும் செம்பாவைப் பார்த்தோம். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் நிறைய அளக்கணும்" என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

எடுக்கவேண்டியதெல்லாம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்தேன். காலையில் போகிறாள், மாலையில் வருகிறாள். தோசை இப்போது இரண்டு. சொர்ணத்திடம் இருபது என்றேன்.

மதியம் தீபாங்கர் என்னைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போனான். வடையைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தான். அவனைப் பொறுத்தவரை அது பேரிடர் அறிவிப்பு.

"மாமா, நான் ஒண்ணு சொல்றேன், கோபம் பண்ணாதீங்க. தீதி வேலை முடிஞ்சது. செவ்வாக்கிழமையே முடிஞ்சது. இப்போ அதே கோடு மறுபடி மறுபடி எடுக்குறாங்க. புதுசு ஒண்ணும் இல்லை. நேத்து என்கிட்ட கேட்டாங்க, இன்னும் ஒரு வாரம் குடுன்னு. நான் குடுத்துட்டேன்."

"அப்புறம் என்னப்பா?"

"அடுத்த வாரமும் கேப்பாங்க. நானும் குடுப்பேன்." வடையைத் தட்டில் வைத்தான். "எனக்கு ஸ்காலர்ஷிப் டிசம்பரோட முடியுது மாமா. நான் தீதிகிட்ட எப்படிச் சொல்றது?"

அந்த வடையை நான்தான் தின்றேன். உப்பு அதிகம்.

ஜூலை 1, திங்கள்

இன்று மதியம் கேரியருடன் போனேன். உள்ளே செம்பா மட்டும். திரையில் மலை ஏறிக்கொண்டிருந்தது. முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இது எத்தனாவது தடவை தாயி?"

"எண்ணல."

"தீபாங்கரு வடை திங்கமாட்டேங்கான்."

கை நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியும் மாமா. அவன் பாவம். ஆனா இது ஓடுற வரைக்கும் ஒவ்வொரு புள்ளியும் அவரு கைலருந்து வாரது மாதிரி இருக்கு. இப்ப, இந்த நிமிஷம், புதுசா. நிறுத்திட்டா அவருகிட்டருந்து இனி புதுசா ஒண்ணும் வராது. இருக்க போட்டோ அம்புட்டயும் பாத்தாச்சு. இருக்க மெசேஜ் பூராவும் படிச்சாச்சு. அம்புட்டுதான் மாமா. அம்புட்டுதான் அவரு."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"உங்க கல்யாணத்துக்கு முந்தி, ஆவணி மாசம், துரை ஒரு கப்பல்ல கோவில்பட்டிக்கு வந்தான்" என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"தூத்துக்குடியிலருந்து நேரா ரோட்டு மேலயே ஓட்டிட்டு வந்தான். எட்டயபுரத்துல டயர் பஞ்சர்."

"மாமா."

"சரி, கப்பல் இல்ல. லாரி. உப்பு லாரி. மேல ஒரு ஆன."

"மாமா."

"சரி, பஸ்ஸு. ஆனையும் இல்ல. தனியா வந்தான். திரும்பிப் போற வண்டிக்கு நேரம் இருக்குன்னு என் ரூமுக்குப் பக்கத்து பெஞ்சில வந்து உக்காந்தான். 'செம்பா சின்னப் பிள்ளைல எப்படி மாமா இருப்பா'ன்னு கேட்டான். கேக்குற ஆளா அவன்? கேட்டது என்கிட்ட! நான் விடுவேனா? அஞ்சு வயசுல நீ ஒத்தக் கைய நீட்டி நெல்லை எக்ஸ்பிரஸ நிறுத்துனதச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக் கெணத்துல எறங்கி உள்ள இருந்த நிலாவத் தூக்கிட்டு வந்ததச் சொன்னேன். தூத்துக்குடி வண்டி வந்திச்சு. நாந்தான் அறிவிச்சேன். அவன் எந்திரிக்கல. அடுத்த வண்டி. எந்திரிக்கல. ஏழு வண்டி, தாயி. ஏழு தூத்துக்குடி வண்டி போயிருச்சு. அவன் கன்னத்துல கைய வச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

செம்பா இப்போது என் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அவரு என்கிட்ட சொல்லவே இல்லையே."

"உன்கிட்ட சொல்லாதீங்கன்னான். கேலி பண்ணுவியாம்."

"பொய்தான மாமா எல்லாம்?"

நான் ஆமென்றும் தலையாட்டவில்லை, இல்லையென்றும் ஆட்டவில்லை. என் வாய்க்கு அப்படி ஒரு பேர் இருக்கிறது. அது நான் கட்டிய கோட்டை.

"பரவால்ல" என்றாள். "இன்னொண்ணு சொல்லுங்க."

சொன்னேன். ஐந்தாறு சொன்னேன். துரை சுறாமீனுடன் பேசியது, துரை மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரையைத் தோளில் சுமந்தது. நடுவில் எங்கேயோ செம்பா அழுதாள்.

தீபாங்கர் கதவு வரை வந்தான். பார்த்துவிட்டு, டீ வாங்கப் போவதாகச் சைகை காட்டிவிட்டுப் போய்விட்டான். சாயங்காலம்வரை அந்த டீ வரவில்லை.

முகத்தைத் துரையின் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, அவளாகவே கணினியில் ஏதோ தட்டினாள். சுவரோரத்தில் இத்தனை நாளும் டிக் டிக்கென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் குழாய் நின்றது. அது அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததே நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சூடாயிரும்" என்றாள். "பசிக்குது மாமா."

ஜூலை 4, வியாழன்

பகல் ரயில். எதிரே ஜன்னலோரம் செம்பா. பத்து நாள் ஊரில் இருந்துவிட்டு, திரும்பி வந்து கட்டுரையை எழுதப்போகிறாள். மேலே முதலில் துரை பெயர். சொர்ணத்துக்குப் போன் செய்து ஜெயபேரிகை கொட்டியாகிவிட்டது.

திண்டுக்கல் தாண்டியதும் நான் சொல்லிப் பார்த்தேன். "தாயி, அந்தப் பஸ் ஸ்டாண்டு கதை. அது நெசம். துரை வந்தான்."

என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்பாகத்தான். "சரி மாமா" என்றாள். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

"இல்ல தாயி, சத்தியமா."

"நம்புறேன் மாமா. ஆனையோட வந்தாரு." என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே பார்க்கத் திரும்பினாள்.

இதற்குமேல் எந்தக் குரலில் சொன்னால் அது உண்மைபோலக் கேட்கும் என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் வேறு குரல் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். சுறாமீன் பொய். குதிரை பொய். வங்காள விரிகுடா பொய். கிணற்று நிலாவும் நெல்லை எக்ஸ்பிரஸும் பொய், அதை அவனும் கண்டுபிடித்துவிட்டான். "பொய்னு தெரியுது மாமா, இன்னொண்ணு சொல்லுங்க" என்று அவனும் சொன்னான். ஏழு வண்டி என்றது என் பழக்கதோஷம். ஏழு இல்லை, மூன்று. மூன்று தூத்துக்குடி வண்டிகளைப் போகவிட்டுவிட்டு, அவளைப் பற்றிக் கேட்டுக்கொண்டு அவன் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அது மட்டும் நிஜம்.